மாமியின் சிவப்புப் பட்டும் அப்பாவின் கஞ்சியும்

பண்டத்தரிப்பு

அன்புள்ள மகள் ஆரணிக்கு,

நானும் அப்பாவும் சுகம். மெல்பேணில் உனக்குத் தடிமன், இருமல் ஒன்றும் வரக்கூடாதென்று வைரவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நீ அனுப்பிய இரண்டு பட்டு ஸ்கார்ப்பும் கிடைத்து மூன்று கிழமை. பிந்தி எழுதுகிறேன், கோபிக்காதே. போனில் சொல்லலாம்தான், அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவார்.

நீலம் எனக்கு, சிவப்பு கரவெட்டி மாமிக்கு என்றாய். அப்பாவின் தங்கைக்கு வடிவானது, எனக்கு மற்றதா என்று நான் கேட்கமாட்டேன். ஒருநாள் மட்டும் என்று சிவப்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் புத்தூர்க் கலியாணவீட்டுக்குப் போனேன், பந்தியில் சொதி ஒரு சொட்டுப் பட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து பேசினில் குளிர்தண்ணீர் விட்டு, துளி ஷாம்பூ கரைத்து, கசக்காமல் அலசிக் கறையைப் போக்கினேன். ஈரம் ஒற்றத் துவாய் எடுக்கப் போனால் பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் வாசல் படலையில் நின்று அரைமணித்தியாலம் கதை. அதற்குள், நல்லூர்த் திருவிழாவுக்கு வேட்டிக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த உன் அப்பா, எனக்கு உதவியாம், அதையும் கஞ்சிக்குள் முக்கி, முறுக்கிப் பிழிந்து, கொடும் வெயிலில் விரித்துவிட்டார். காய்ந்தபின் பார்த்தால் பொரிக்காத அப்பளம். வேட்டியெண்டால் மிடுக்கு, இதுக்கு மட்டும் என்ன குறை என்று வேறு கேட்கிறார்.

அடுத்தநாளே மாமி வந்து நின்றா, மகன் லக்சனைப் பார்க்க உங்கடை மெல்பேணுக்கு வரப்போகிறாவாம். நான் பதறிப்போய் நீலத்தை நீட்டினேன். மச்சாள், பிள்ளை போனிலை சிவப்பெண்டல்லோ சொன்னவள் என்று கேட்டா. நல்ல பட்டு வெளிச்சத்துக்கு வெளிச்சம் நிறம் மாறும் என்றேன். அவ முற்றத்து வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓம் ஓம், ஓரத்திலை சிவக்குதுதான் என்றா!

அவ போனதும், கஞ்சி போகச் சிவப்பை, குடிக்க வாங்கும் தண்ணீரில் மூன்றுதரம் ஊறவைத்தேன். எங்கடை கிணற்றுத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு பட்டுத்துணியை விறைக்கவைக்கும், கம்பசில் இரசாயனம் படித்தது இதற்காவது உதவியது. கடைசி அலசலுக்கு ஒரு கரண்டி வினாகிரி. நிழலில் போட்டு, ஈரப்பதம் போகமுதல் உள்பக்கம் திருப்பி, மேலே மெல்லிய துணி விரித்து, அயன்பெட்டியால் குறைந்த சூட்டில் மினுக்கினேன். முந்தியதைவிட மெது. இனி அதைத் திருப்பிக் கேட்க மாமிக்கு வழியில்லை, நான் என்ன செய்ய? நீ உன்னுடையவற்றை மெஷினில் போட்டுவிடாதே. ஈரத்தோடு கழுத்தில் சுற்றவும் வேண்டாம், தடிமன் பிடிக்கும்.

வேறு ஆள் கிடைக்காததால் இந்தக் கடிதத்தையும் மாமியிடமே கொடுத்துவிடுகிறேன். பயப்படாதே, கவரை அப்பாவின் கஞ்சியால் ஒட்டியிருக்கிறேன், கத்தி வைத்தாலும் கிளம்பாது. நேரத்துக்குச் சாப்பிடு, படிப்பைப் பார், வைரவர் உன் பக்கம் நிற்பார். ஒன்றை மட்டும் மறக்காதே. மாமி நீலத்தைச் சுற்றிக்கொண்டுதான் வந்து இறங்குவா. கண்டவுடனே, சிவப்பு உங்களுக்கு நல்ல வடிவு மாமி என்று சொல்லவேண்டும். சிரிக்காமல்.

உன்னை எந்நேரமும் நினைக்கும்
அம்மா வித்தியா