ஷீல்டரா, கார்டியனா

ஜூன் 3, செவ்வாய்

இன்று கட்டுப் பிரித்தார்கள். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. ஒருமுறை பார்த்தேன். பிறகு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

ஜூன் 5

ஒன்றரை மாதம் கழித்து கம்ப்யூட்டரில் கேமைத் திறந்தேன். நான்கு வருடமாக எங்கள் குழுவுக்கு நான்தான் டேங்க். முன்னால் நின்று அடி வாங்குபவன். பின்னால் நின்று என் உயிரை ஏற்றும் ஹீலர் தினகரன். நான் ஆடும் வீரன் ஷீல்டர். அவனுக்குத் தற்காப்பு நிலை கீபோர்டின் இடது ஷிப்ட் விசையில் இருக்கிறது. ஒவ்வொரு பெரிய அடிக்கும் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது சுண்டு விரலின் வேலை.

முதல் அரக்கனிடமே செத்தேன்.

ஜூன் 7

பக்ரீத். வருடா வருடம் பூந்தமல்லியில் எங்கள் வீட்டுக்கு பிரியாணி சாப்பிட வரும் தினகரன் வரவில்லை. என் மனைவி ஷாகிதா ஒரு டப்பாவில் எடுத்துவைத்தாள். "நீங்களே போய்க் குடுத்துட்டு வாங்க."

ஜூன் 8

கொரட்டூரில் தினகரன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றான்.

"இன்னா மச்சான், கேமுக்கே வர்றதில்ல?"

"உன் கையப் பாத்தா என் கால் நடுங்குதுடா காலித்."

நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் அம்பத்தூர் பட்டறையில், என் விரல்கள் போன அன்று பிரஸ் மெஷின் பெடலை மிதித்தது அவன் கால். தகட்டைச் சரிசெய்துகொண்டிருந்த நான் 'சரி' என்று சொன்னதாக அவன் காதில் விழுந்ததாம். சொன்னேனா? எனக்கே நினைவில்லை.

"நான் உன்ன எதுனா சொன்னேனா?"

"அதான்டா தாங்கல. திட்டித் தொலைய வேண்டியதுதானே."

டப்பாவை வாங்கிக்கொண்டான். உள்ளே கூப்பிடவில்லை.

ஜூன் 12

ஷீல்டரையும், இன்னொரு வகை டேங்கான கார்டியனையும் ஒரே அரக்கன் முன் மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தேன். கார்டியனின் தற்காப்பு நிலையை ஒருமுறை போட்டால் போதும், அதுவே நிற்கிறது. வாங்கும் அடியும் குறைவு. ஆனால் இடத்தை விட்டு அசைய முடியாது. ஷீல்டர் என்றால் பாய்ந்துபோய் ஹீலருக்கு விழும் அடியைத் தன் மேல் வாங்கலாம். தினகரனை எத்தனை முறை அப்படிக் காப்பாற்றியிருப்பேன்!

மூன்று விரலுக்கு கார்டியன்தான். மாறிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

தினகரன் கேமுக்கு வந்தான்! மூன்றாவது அரக்கன் திடீரென்று அவன் பக்கம் திரும்பினான். என்னால் போக முடியவில்லை. தினகரன் செத்துப்போனான். மைக்கில் அவனுக்கு ஒரே சிரிப்பு.

"ஷீல்டர் எங்கடா? கார்டியன எவன்டா எடுக்கச் சொன்னான்?"

"ஷிப்ட் எட்டல மச்சான்."

ஏன் சொன்னேன்? போரடிச்சுது, மாத்திட்டேன்னு சொல்லியிருக்கலாமே — என்ன வேணா சொல்லியிருக்கலாமே. அவன் மைக்கை அணைத்துவிட்டு கேமிலிருந்து வெளியேறிவிட்டான்.

ஜூன் 16

தினகரன் போன் எடுக்கவில்லை.

ஜூன் 29

குழுவிலிருந்து தன் பெயரைத் தானே எடுத்துவிட்டான். பட்டறையிலும் நின்றுவிட்டானாம். ஓசூரில் மாமா வீட்டுக்குப் போய்விட்டதாக அவன் அம்மா சொன்னார்.

ஜூலை 13, ஞாயிறு

மூன்றாவது அரக்கனை வீழ்த்தினோம். புது ஹீலர் மோகனப்பிரியா, முகப்பேர்ப் பெண். அடி வருமுன் அவளாகவே ஒதுங்கிக்கொள்கிறாள்.

"அண்ணா, முன்னாடி உங்களுக்கு யாரு ஹீலர்?"

"தினகரன்னு ஒருத்தன். சூப்பரா ஆடுவான்."

"ஏன் விட்டுட்டாரு?"

"வேலை மாறிட்டான்மா" என்றேன்.