அறுபத்தொரு மாத்திரை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நாற்காலியில் டாக்டர். அவர் பக்கத்தில் நின்றபடி ஃபைலில் எழுதும் நர்ஸ். சுவரோரம் என் பெண் பெரியவள், மடி நிறைய என் பழைய ரிப்போர்ட்டுகளோடு. எனக்கு வலது பக்கம் இவர். பிறகு நான். இதை ஏன் இவ்வளவு திருத்தமாக எழுதுகிறேன் என்றால், அந்த நான்கு பேர் முன்னால் நான் ஒரு பொய் சொன்னேன். கடவுளைச் சேர்த்தால் ஐந்து பேர் முன்னால்.

இவர் அன்றைக்கே போன் செய்து உன்னிடம் பாதியைச் சொல்லிவிட்டார். மீதிப் பாதி இவருக்கே தெரியாது. நான் போனில் சொல்லலாம் என்றால், இருப்பது இவர் போன் ஒன்றுதான், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கொடுப்பார், வீடே கேட்கும். அதனால்தான் கடிதம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ரத்தத்தில் புற்றுநோய் என்று சொன்னபோது நீ வந்து பத்து நாள் என் கூடவே இருந்தாய். அன்றைக்கு டாக்டர் சொன்னது உனக்கும் நினைவிருக்கும். இது மெதுவாகப் போகிற வகை, ஆபரேஷன் இல்லை, கதிர்வீச்சு இல்லை, தினம் ஒரு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான் என்றார். நோயும் அந்த மாத்திரைக்குக் கேட்டது. நோயின் அளவு நூறிலிருந்து பத்து, பத்திலிருந்து ஒன்று, பிறகு புள்ளிக்குப் பின்னால் சைபர் என்று இறங்கியது. போன தடவை அது ஒன்றரை ஆனது. பார்ப்போம் என்றார். இந்தத் தடவை பதினொன்று.

உள்ளே கூப்பிடும் வரை வெளியே பெஞ்சில் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். தொண்டையில் குரல் பெட்டியை எடுத்துவிட்ட ஒருவர் வருவார், ஸ்லேட்டுக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறோம். எழுதிக் காட்டித்தான் பேசுவார். "எட்டு வருஷமா எதிர்த்துப் பேசலை, என் பொண்டாட்டி ரொம்ப சந்தோஷமா இருக்கா" என்று எழுதிக் காட்டினார். மார்பில் ஆபரேஷன் ஆன டீச்சருக்கு அன்றைக்கு ஐந்து வருஷம் முடிந்தது. இனிமேல் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார்களாம், எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். அந்த மிட்டாய் இன்னும் என் பையில் இருக்கிறது. பிரிக்க மனம் வரவில்லை.

டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். "மாத்திரையை ஒரு நாளாவது விட்டீங்களாம்மா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "இவளா? வீட்டுல உப்புக்குக்கூடக் கணக்கு எழுதறவ சார். நோட்டைப் பாருங்க" என்று என் மாத்திரைக் கணக்கு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். பெரியவள் வேறு, "அம்மா எங்களுக்கே அட்டெண்டன்ஸ் எடுப்பாங்க டாக்டர்" என்று சிரித்தாள். டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். நாளுக்கு ஒரு டிக். வாரத்தில் ஒரு நாள் மட்டும் டிக் இல்லை, சின்ன வட்டம். "இது என்ன?" என்றார். "அது அவ விரதம் இருக்கற நாள் சார்" என்றார் இவர், பெருமையாக. டாக்டர் நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். "விடலை டாக்டர்" என்றேன். நர்ஸ் அதை எழுதிக்கொண்டாள்.

அக்கா, அந்த வட்டம் மாத்திரை போடாத நாள்.

அளவு நன்றாக இறங்கிய சமயத்தில், இப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வாரம் ஒரு நாள், மறுநாள் காலை வரை, தண்ணீர் மட்டும் குடித்து இருக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி, மீதியெல்லாம் பிள்ளைகளின் புத்தகத்தைப் பார்த்து நானாகப் படித்தது. எழுத்தில் இருப்பதை அப்படியே செய்கிறவள். மருந்துச் சீட்டில் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் கூடாது என்று எழுதியிருந்தது. சாப்பிடாத நாளில் எப்படிப் போடுவது? விட்டதைச் சேர்த்து மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதையும் மீறவில்லை. ஒரு நாள்கூட விடாதீங்க என்றும் அவள்தான் சொன்னாள். அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்த ஒரு நாள் எனக்குக் குமட்டல் இருக்காது. கால் நரம்பு இழுக்காது. கடவுள் கொடுக்கிற ஓய்வு என்று நினைத்தேன். விட்ட மாத்திரைகளைத் தூக்கி எறியவும் மனம் வராமல், நான் கும்பிடுகிற இடத்துக்குப் பின்னால் ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வந்தேன். பதினான்கு மாதம். நேற்று கொட்டி எண்ணினேன். அறுபத்தொன்று.

இப்போது டாக்டர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் தெரியுமா? நோய் உருமாறிவிட்டது, மருந்துக்கு அடங்கவில்லை என்று. அதைப் பார்க்க இன்னொரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். இதைவிடக் கடுமையான மருந்துக்கு மாற்ற வேண்டியிருக்கலாம், எதற்கும் கூடப் பிறந்தவர்களின் ரத்தம் பொருந்துகிறதா என்று பார்த்து வைப்போம், எலும்பு மஜ்ஜை தேவைப்படலாம் என்றார். நீ உடனே வருகிறேன் என்றாயாம். தையல் கடையில் லீவுகூடச் சொல்லிவிட்டாயாம். அதைக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு நேரம், மாத்திரை விட்டதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அப்படியென்றால் ஒழுங்காகப் போட்டால் பழையபடி இறங்கலாம். அடுத்த நேரம், நான் விட்ட இடைவெளியில்தான் அது உருமாறியதோ என்று தோன்றுகிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று எழுத ஆரம்பித்திருக்கிறேன். நான் இல்லாவிட்டால், வீட்டு விஷயம் இவருக்கு ஒன்றுமே தெரியாது, அக்கா.

நேற்று விரத நாள். இரண்டு கவளம் சாப்பிட்டு மாத்திரையைப் போட்டேன். நேர்ந்ததை மீறியதற்குக் கடவுள் கோபிப்பாரோ என்று பயம். விட்டதற்கு நோய் கோபித்தது போதாதா என்று இன்னொரு பயம். நோட்டில் டிக் போட்டேன். இவர் அதைக் கவனிக்கவில்லை.

பத்தொன்பதாம் தேதி மறுபடியும் டாக்டரைப் பார்க்க வேண்டும். டப்பாவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்துவிடுவேன். இவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றுதான் தெரியவில்லை. அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும். தானாக வந்த நோய் என்று நினைத்துத்தான் நீ உன் மஜ்ஜையைத் தருகிறேன் என்றாய். நானே கையால் வளர்த்தது இது என்று தெரிந்த பிறகும் வருவாயா? திட்டுவதானால் திட்டி எழுது. வர முடியாது என்றாலும் அதையே எழுது, வருத்தப்பட மாட்டேன்.

உன் முட்டி வலியைக் கவனி, மிஷினை அதிகம் மிதிக்காதே. கடவுள் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும். பத்தொன்பதாம் தேதிக்குள் கிடைக்கும்படி, ஒரு வரியானாலும் பதில் எழுது.

உன் தங்கை