சத்தம் போடாத படுதா

17-8-2008, ஞாயிறு

ஜீப்பின் மேல்படுதா இன்று சத்தம் போடவில்லை. அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டு வருடமாக அந்த மடக்குக் கம்பிகள் வண்டி அசைந்தாலே கிறீச்சிட்டன. புதுசாக மாற்றச் சொன்னார் பட்டறைக்காரர். ஆகிற செலவுக்குச் சத்தமே தேவலை என்று விட்டுவிட்டேன். இன்று காலை மனைவியின் தம்பி சேகர் சிதம்பரத்திலிருந்து தானாக வந்து இறங்கினான். சொந்த சைக்கிளுக்கே எண்ணெய் விடாதவன். பழைய டியூபை வெட்டிக் கம்பிகள் உரசும் இடத்தில் சுற்றினான், கீல்களில் மெழுகுவத்தியைத் தேய்த்தான்.

"என்னடா திடீர் அக்கறை?" என்றேன்.

"ஊரே எழுந்துக்குது மாமா, அந்தச் சத்தத்துல."

ஊர் எப்போது எழுந்தது? நான் பகலில் மட்டும்தான் வண்டி எடுக்கிறேன்.

மதியம் படுதாவை மடக்கினேன். மடிப்பிலிருந்து கடல் மணல் கொட்டியது. நான் கடற்கரைப் பக்கம் போய் மாதக்கணக்காகிறது.

"ஜீப்ப எடுத்துட்டுக் கிள்ளைக் கடற்கரைப் பக்கம் எதுனா போனியா?"

"நானா? இல்லியே மாமா" என்றவன் மணலைப் பார்க்கவே இல்லை.

"என் தம்பி நல்லது செஞ்சாலும் உங்களுக்குக் குத்தம்தான்" என்றாள் இவள். அதற்குமேல் கேட்டால் நாளைக்குச் சாப்பாடு கிடைக்காது.

போன வாரம் போலவே சேகர் இன்றும் இங்கேதான் தங்குகிறான். கூடத்தில், சாவி தொங்கும் ஆணிக்கு நேர்கீழே பாய் போட்டிருக்கிறான். எல்லோரும் படுத்தபின் வாசலுக்குப் போனேன். டிரைவர் பக்கக் கீலில் மட்டும் மெழுகைச் சுரண்டி, டியூபையும் உருவினேன். ஒருமுறை அசைத்துப் பார்த்தேன்.

கிறீச்.

கூடத்தில் சேகரின் குறட்டை நின்றது.