மேல் அம்புக்குறி

செத்துப்போன கணவரான உங்களைக் கம்ப்யூட்டருக்குள் வைத்துப் பேசவிடுகிறேன் என்று நம் மலையூர் நெல்லிவாசல்நாட்டில் சொல்கிறார்களாம். தவறு. அது உங்கள் குரல் அல்ல. தட்டியதைப் படித்துக் காட்டும் நிரலின் குரல். அதற்கு ழகரம்கூட ஒழுங்காக வராது.

இன்று மடிக்கணினி பழுதுபார்க்கும் ஒடுகத்தூர்க் கடையிலிருந்து ஜீப்பில் திரும்பி வந்தது. உறையைப் பிரித்தால் துடைத்த திரவத்தின் வாடை. விசைகளில் உங்கள் விரல் அழுக்குகூட இல்லை.

ஒரே கணினிக்காகச் சண்டை போட்டோமே. அதை இயக்கும் மென்பொருளாக எனக்கு விண்டோஸ் வேண்டும், உங்களுக்கு லினக்ஸ். கடைசியில் என் விண்டோஸுக்குள்ளேயே உங்கள் லினக்ஸை ஏற்றி, கட்டளைகள் தட்ட ஒரு கறுப்புத் திரையைத் திறந்துகொண்டீர்கள். "நான் உன் வூட்ல வூட்டோட மாப்பிள்ளை. இதுவும் அப்படித்தான்" என்றீர்கள். நான் சிரிக்கவில்லை. என் அப்பா கட்டிய வீட்டில் அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது.

தொண்டை அறுவையில் குரல் போனபின் அந்தத் திரைதான் உங்கள் வாய். பேசவைக்கும் கட்டளையைத் தட்டி, பக்கத்தில் சொல்ல வேண்டியதை எழுதுவீர்கள். கஞ்சியில் உப்பில்லை. கதவைச் சாத்து. இன்னா முறைக்கிற.

நீங்கள் போனபின் மேல் அம்புக்குறியை அழுத்தக் கற்றேன். அழுத்த அழுத்த, நீங்கள் தட்டிய வரிகள் கடைசியிலிருந்து பின்னோக்கி வரும். காலைக் காப்பிக்குப் பிறகு, முந்தைய நாள் விட்ட இடம்வரை போய் இன்னும் ஒரே ஒரு வரியைப் பேசவைத்துக் கேட்பேன். சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று மிச்சம் வைத்தேன்.

போன வாரம் விண்டோஸ் திறக்கவில்லை. உள்ளே லினக்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது, முதலில் அதை எடுத்து வையுங்கள் என்று கடைக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன். "எல்லா ஃபைலும் எடுத்துட்டேன்மா, ஒண்ணும் போவாது" என்றார். என் கடிதங்கள், படங்கள் எல்லாம் பத்திரமாக வந்திருக்கின்றன. அவர் பார்த்த இடத்தில் நீங்கள் இல்லை. பழைய விண்டோஸை அழித்தபோது அதற்குள் இருந்ததும் அதோடு போய்விட்டது.

நீங்கள் காட்டிய முறைப்படி நானே லினக்ஸை மறுபடி ஏற்றினேன். மேல் அம்புக்குறியை அழுத்தினேன். சற்றுமுன் நான் தட்டிய கட்டளைகள் வந்தன. அதற்கு மேல் எதுவும் இல்லை.

நினைவிலிருந்து ஒன்றைத் தட்டினேன். இன்னா முறைக்கிற என்றது, அதே குரல். குரல் திரும்பிவிட்டது. சொல்கிறவர்தான் இல்லை.

மிச்சம் வைத்த வரிகள் எல்லாம் நீங்கள் இருந்தபோது ஒருமுறை நான் கேட்டவைதான். கேட்டபோது நினைவில் வைக்கத் தோன்றவில்லை. இப்போது என்னிடம் இருப்பது உப்பும் கதவும் முறைப்பும்தான்.

கறுப்புத் திரையை மூடாமல் வைத்திருக்கிறேன். எனக்கு உங்களிடமிருந்து ஒரு பதில் வேண்டும். எழுத்தில்.