கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, மூக்கு மாமா எழுதிக்கொள்வது.

நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் சுகம் என்று எழுதினால் என் முழங்கால் கோபித்துக்கொள்ளும். ஆகையால் முழங்கால் நீங்கலாக நான் சுகம். உன் அப்பாவைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். உன் அம்மா கதைப் புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து படிக்கிற மாதிரி நீயும் அங்கே தாவிவிடாதே.

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு இந்தக் கடிதம்தான் பதில். வாராவாரம் பத்திரிகையில் நாலு பேரைச் சிரிக்க வைத்துப் பிழைக்கிறவன் எழுதுவதுதானே என்று தள்ளிவிடாதே. சின்ன வயதில் நீயும் உன் அம்மாவும் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று நீ ஓடிவந்தபோது, உன் அப்பா கிட்டே வராதே, தள்ளி நில் என்றாராம். ரயில் நிலையத்துக்கும் வரவில்லையாம். "என்னை ஒரு தடவைகூட ஏறெடுத்துப் பார்க்காத மனுஷனை, இப்ப நான் வந்து எதுக்கு மாமா பார்க்கணும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். போனில் பதில் சொன்னால் நீ நடுவிலே வைத்துவிடுவாய். கடிதத்தைக் கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் எப்படியும் படித்துவிடுவாய், உன் ரத்தம் எனக்குத் தெரியாதா?

முதலில் இங்கத்து வம்பு. நம்முடைய அந்தத் தாதா படத்தைத் துடைத்து மெருகேற்றி மறுபடியும் தியேட்டரில் போட்டிருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய படத்துக்கு, அது வந்தபோது பிறக்காத பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். உன் அப்பா நடித்த 'பெரியவர்' என்கிற தாதாவின் முகம் பனியனில், செல்போன் உறையில், நான் முடிவெட்டும் கடையின் கண்ணாடிக்கு மேலே. அந்த முகத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் மிச்சமிருக்கும் என் நாலு முடியை வெட்டிக்கொள்கிறேன். பெரியவரின் டிரைவராக வந்து இடைவேளைக்குப் பிறகு செத்துப்போனவன் நான்தான் என்று முடிவெட்டுகிறவரிடம் சொன்னேன். அவர் என்னைக் கண்ணாடியில் நன்றாகப் பார்த்துவிட்டு, அந்த டிரைவர் ஒல்லியாக இருப்பாரே சார் என்றார். அதற்கு மேல் வாதாட என் வயிறு இடம் கொடுக்கவில்லை.

ஒரு பேராசிரியர் அந்தப் படத்தைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். பெரியவர் தாடையை அசைக்காமல் மெதுவாகப் பேசுவது அதிகாரத்தின் அமைதியாம். உண்மை என்னவென்றால் உன் அப்பாவுக்கு அப்போது கடைவாய்ப்பல் வலி. பல்லைப் பிடுங்கினால் கன்னம் வீங்கிவிடும், படம் முடிகிறவரை பொறுங்கள் என்று டைரக்டர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அந்த நீளக் கோட்டு இரண்டு ஆள் நுழைகிற அளவு. முன்னால் பார்த்தால் ஊரே நடுங்கும். பின்னால் போய்ப் பார்த்தால் முதுகு முழுக்கத் துணி உலர்த்தும் கிளிப்பு. அதனால்தான் படத்தில் அவர் யாருக்கும் முதுகு காட்டுவதில்லை. அதற்கும் பேராசிரியர் ஒரு காரணம் வைத்திருக்கிறார். படம் வந்த பிறகு நிஜமான ரவுடி ஒருவன் வீட்டுக்கே வந்து, அண்ணே அந்தக் கோட்டை எங்கே தைத்தீர்கள் என்று பவ்வியமாகக் கேட்டுக்கொண்டு போனான். அப்போது நான் எங்கே இருந்தேன் என்று கேட்காதே. கட்டிலுக்கு அடியில் இருந்து பார்த்தேன்.

இதெல்லாம் கிடக்கட்டும். எல்லோரும் பேசுவது அந்தப் பார்வையைப் பற்றி.

உனக்கும் தெரியும். உன் பிள்ளைகளின் சிநேகிதர்கள்கூட அதை அனுப்புகிறார்கள் என்று சொன்னாயே. பெரியவர், தம்பி மாதிரி வளர்த்த டிரைவரைச் சாவுக்கு அனுப்புகிறார். அவனுக்கு அது தெரியாது. சிரித்துக்கொண்டு நிற்கிறான். பெரியவர் அவனைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, "பத்திரமா போயிட்டு வா" என்கிறார். அவன் போன பிறகும் அந்தக் கண் அவன் போன வழியே போகிறது. இவ்வளவுதான். இதைச் சொல்லித்தான் இன்றைக்கும் ஒருவரை ஒருவர் மிரட்டி விளையாடுகிறார்கள். இதைப் பார்த்துவிட்டுத்தான் தியேட்டரில் கைதட்டக்கூட மறந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

குட்டிம்மா, இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய முகத்தை மட்டும் பெரிதாக எடுக்கும்போது, அவர் யாரைப் பார்க்க வேண்டுமோ அந்த ஆள் கேமராவுக்குப் பக்கத்திலேயே ஒட்டி நிற்க வேண்டும். நிற்கிற ஆள் படத்தில் வரமாட்டார். ஆனால் ஆள் இல்லாமல் வெறும் காற்றைப் பார்த்தால் கண் செத்துப்போய்விடும், திரையில் தெரிந்துவிடும். அன்றைக்கு அங்கே நிற்க வேண்டியவன் நான்தான். நின்றேன். என் மூக்கைப் பார்த்ததும் உன் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி நின்றேன். மறுபடி சிரித்தார். மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு நின்றேன், அதற்கு டைரக்டரே சிரித்துவிட்டார். என்னைத் துரத்திவிட்டு லைட்காரரை நிறுத்தினார்கள். அப்புறம் ஒரு குச்சியில் காகிதத்தை ஒட்டி நட்டுவைத்தார்கள். உன் அப்பாவின் கண்ணில் ஒன்றும் வரவில்லை. டைரக்டர் கோபத்தில் தொப்பியைக் கழற்றி ஈரத் தரையில் எறிந்தார்.

படம் பிடித்த இடம் ஒரு பழைய ஐஸ் தொழிற்சாலை. கதவருகே வாடகைக் கார் வந்து நின்றது. உன் அம்மா பெட்டி படுக்கையோடு வெளியிலேயே இருந்துவிட்டார். நீ மட்டும் உள்ளே ஓடி வந்தாய். பாட்டி வீட்டுக்கு லீவுக்குப் போகிறேன் மாமா என்று என்னிடம் பீற்றிக்கொண்டாய். லீவு இல்லை, இனி நீயும் உன் அம்மாவும் திரும்பி வரப்போவதில்லை என்று உன் அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அவரைக் கட்டிக்கொள்ளக் கையை விரித்துக்கொண்டு ஓடினாய். அவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கிட்டே வராதே, தள்ளி நில் என்றார். முன் காட்சிக்காகக் கோட்டு முழுக்கச் சிவப்புச் சாயம் ஊற்றி நனைத்திருந்தார்கள் குட்டிம்மா. நீ போட்டிருந்தது வெள்ளைக் கவுன். அந்தச் சாயம் துவைத்தாலும் போகாது. உன் கவுன் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்த மனிதரை இத்தனை வருஷம் நீ வேறு மாதிரி நினைத்துவிட்டாய்.

நீ உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தள்ளி நின்றாய். அதை டைரக்டர் பார்த்துவிட்டார். அவருக்கு வீட்டு விஷயம் ஒன்றும் தெரியாது. ஒரு மரப்பெட்டியைக் கேமராவுக்குப் பக்கத்தில், உன் அப்பாவுக்கு வலக்கைப் பக்கமாகப் போடச் சொன்னார். உன்னைத் தூக்கி அதன்மேல் நிறுத்தினார். அசையாமல் நில், அப்பாவைப் பார்த்துச் சிரி என்றார். நீ முதலில் முறைத்தாய். அப்புறம் சிரித்தாய். முன்பல் இரண்டு இல்லை. தள்ளி நில் என்றது மட்டும் உன் மனதில் தங்கிவிட்டது, இது மறந்துபோயிருக்கும்.

உன் அப்பா உன்னைப் பார்த்தார்.

எழுதிக் கொடுத்திருந்த வசனம் ஒரு பக்கம். கூட்டம், துரோகம், விசுவாசம் என்று என்னென்னவோ இருந்தது. அதில் ஒரு எழுத்துக்கூட அவர் பேசவில்லை. "பத்திரமா போயிட்டு வா" என்றார். அப்போது வெளியே உன் அம்மா கூப்பிட்டார். நீ பெட்டியிலிருந்து குதித்து ஓடினாய். அவர் கண் உன் பின்னாலேயே கதவு வரை போனது. டைரக்டருக்கு 'கட்' சொல்லத் தோன்றவில்லை. கேமரா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். உன் அப்பா அந்தக் கோட்டோடு அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தார். நடிப்பிலிருந்து வெளியே வர முடியாமல் தவிக்கிறார் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் மெச்சிக்கொண்டார்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் அப்பா சொல்ல விடவில்லை. படம் ஓடு ஓடென்று ஓடி, மேடைக்கு மேடை அந்தப் பார்வையைப் புகழ்ந்தபோது ஒருநாள் என்னிடம் சொன்னார்: "என் புள்ளைய வழியனுப்புறத வித்துட்டேன்டா. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவ முன்னால போவேன்?" அந்தப் படத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தொலைக்காட்சியில் வந்தால் எழுந்து போய்விடுவார். உனக்குக் கல்யாணம் ஆனபோது வாசல் வரை வந்து, காரைவிட்டு இறங்காமலே திரும்பினார். ஓட்டிக்கொண்டு வந்தது நான். நிஜத்திலும் டிரைவர் வேஷம்தான் எனக்கு.

இப்போது அவருடைய உடம்பு. பக்கவாதம் வந்ததை முன்பே எழுதியிருந்தேன். இடப்பக்கம் கை கால் வராது. இடப்பக்கம் யார் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. நினைவும் விட்டுவிட்டுத்தான். போன மாதம் என் புத்தி கெட்டு, சக்கர நாற்காலியில் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். இரண்டு மணி நேரம் மடியைப் பார்த்தபடி இருந்தார். பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியவில்லை. கிழவர் தூங்குகிறார் என்று ஒருவன் சொல்லிச் சிரித்தான். அந்தக் காட்சி வந்தது. தலையைத் தூக்கினார். அவ்வளவு பெரிய திரையில் அவருடைய முகம். நல்ல கையைத் திரைப் பக்கம் நீட்டி, "குதிக்காதடா கண்ணு, விழுந்துடுவ" என்றார். சத்தமாகவே சொன்னார். பின்னாலிருந்து உஷ் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், வேறு என்னவோ வந்தது.

அன்றிலிருந்து காலையில் நான் போனதும் ஒரே கேள்விதான் கேட்கிறார். ரயில் போயிடுச்சா? அவரைக் கவனித்துக்கொள்ளும் நர்சம்மா ஒருநாள், எந்த ரயில் தாத்தா, எப்பவோ போயிருக்குமே என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு பதில் சொல்லும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ரயில் இன்னும் வரவில்லை அண்ணே, தாமதம் என்று அறிவித்திருக்கிறார்கள் என்கிறேன். ஒருநாள் எஞ்சின் கோளாறு, ஒருநாள் பாதையில் மாடு, ஒருநாள் மழை. அவர் நிம்மதியாகத் தலையாட்டுகிறார். அப்புறம் சட்டையைத் தடவிப் பார்க்கிறார், ஈரமாக இருக்கிறதா என்று. காய்ந்துவிட்டது அண்ணே என்று சொல்கிறேன்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அவர் சொன்னதை எழுதக் கை வரவில்லை. பக்கம் பக்கமாகப் பொய் எழுதிப் பழகிய கை இது. உன்னை மன்னிக்கச் சொல்ல எனக்கு என்ன தகுதி? நீ அழுத அழுகை உன்னுடையது. ஒரே ஒரு விஷயம். ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்றாயே, அதற்கு மட்டும் சாட்சி சொல்லிவிட்டேன். முப்பது வருஷமாக லட்சக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருப்பது அவர் உன்னைப் பார்த்ததைத்தான்.

அந்த ரயிலை நான் ஒருவனாகப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன் குட்டிம்மா. எனக்கும் வயதாகிறது, கையில் பலம் இல்லை, சொல்வதற்குக் காரணங்களும் தீர்ந்துகொண்டே வருகின்றன.

வந்தால் கட்டிலுக்கு வலக்கைப் பக்கமாக வந்து நில். இப்போது உனக்குப் பெட்டி வேண்டாம், வளர்ந்துவிட்டாய். சிரிப்பு வரவில்லை என்றால் முறைத்துக்கொண்டே நின்றாலும் போதும்.

பத்திரமா வந்து சேரு, கண்ணு.

என்றும் உன்,
மூக்கு மாமா