வெள்ளைப் புடவையில் ஓர் அரக்கு இழை

ஐயா,

இந்த மாத இதழைக் கொடுக்கும்போதே மிஷன் ஆஸ்பத்திரி நர்சம்மாவின் முகம் சரியாக இல்லை. வழக்கம்போல் பின்பக்கத்திலிருந்து திருப்பினேன். நீங்கள் எழுதும் கடைசிப் பக்கத்தில் வேறு யாரோ எழுதியிருந்தார். அதற்குக் கீழே, கறுப்புக் கட்டத்துக்குள், கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார் என்று போட்டு உங்கள் பெயர். உங்கள் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வராதது எனக்கு அதுதான் முதல் முறை.

உங்களை முதலில் படித்ததும் அந்த ஆஸ்பத்திரியில்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, அப்பாவின் தறியில் துணைக்கு உட்கார ஆரம்பித்திருந்தேன். அம்மாவைக் காய்ச்சல் என்று சேர்த்திருந்தோம். கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் உங்கள் திருச்சபையின் பழைய இதழ்கள் கிடந்தன. சாமி விஷயமாக இருக்கும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். அரக்கோணத்து ரயில்வே குமாஸ்தாவான நீங்கள், ஒரு நாள் ரயிலுக்கு நேரமாகி ஓடிக்கொண்டே, 'ஆண்டவரே, வண்டி தாமதமாக வரட்டும்' என்று ஜெபித்ததை எழுதியிருந்தீர்கள். ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டார். வண்டி வரவே இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நீங்களே போய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சண்டை போட்டீர்கள்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். யாராவது பெயரைக் கேட்டாலே அம்மாவின் பின்னால் ஒளிகிறவள் நான். வார்டே திரும்பிப் பார்த்தது.

"இன்னாமா தனியா சிரிச்சிக்கினு இருக்கிற? எங்களுக்கும் சொல்லு" என்றார்கள் நர்சம்மா.

சொல்லத் தெரியவில்லை. படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து மாதா மாதம் இதழை எனக்கென்று எடுத்து வைத்தார்கள். வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் படிப்பேன். "தறில நாடா ஓடறப்ப படிக்காத. சிரிச்சா இழை அறுந்துடும்" என்று சொல்லி அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

அப்படிப்பட்ட நீங்கள் ஒரு நாள் எங்கள் தெருவுக்கே வந்தீர்கள். மகளுக்குக் கல்யாணம், புடவை வேண்டும் என்றீர்கள். பெயரைச் சொன்னதும் நான் உள்ளே ஓடி, "அம்மா, அந்த ரயில்காரர்!" என்றேன். அம்மா தலையைக் கோதிக்கொண்டு வெளியே வந்தாள். புடவையின் நிறத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. முழு வெள்ளை, வெள்ளி ஜரிகை.

நீங்கள் போன பிறகு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை.

"கல்யாணத்துக்கு யாராவது வெள்ளை கட்டுவாங்களா?"

"அவங்க கோயில்ல அதாம்மா வழக்கம்."

"வழக்கமா இருக்கட்டும். புருஷன் செத்தவ கட்டறத, தாலி கட்டிக்கப் போற பொண்ணுக்கு நம்ம தறில நெய்யறதா?"

அப்பா ஒப்புக்கொண்டாயிற்று. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீரும்போது, அதன் நுனியோடு புதுப் பாவின் இழைகளைப் பிணைப்பது எங்கள் வீட்டில் அம்மாவின் வேலை. பிணைக்கும்போது, யாரிடமும் சொல்லாமல், ஓரத்தில் ஒற்றை அரக்கு இழையைச் சேர்த்துவிட்டாள். சில முழம் நெய்த பிறகுதான் அப்பா பார்த்தார். அதை உருவினால் அந்த இடம் இளித்துக்கொண்டு நிற்கும். "அவருக்குத் தெரியாம இருந்தா பொழைச்சோம்" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

புடவை வாங்க வந்த அன்று, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டே அதைப் பை முழுக்கத் தேடினீர்கள். அப்பாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. பிறகு கண்ணாடி தானாகவே மூக்குக்கு இறங்கிவிட்டது.

"இது இன்னாபா, செவப்பா ஓரத்துல?"

அப்பா 'தவறிப் போச்சுங்க' என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா கதவருகிலிருந்து சொன்னாள். "தப்பு இல்ல சாமி. நான்தான் போட்டேன். பொண்ணு முழு வெள்ளையில போவக் கூடாது. புடிக்கலன்னா வெச்சிட்டுப் போங்க, அவரு வேற நெய்வாரு."

நீங்கள் அந்த இழையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"எங்க பாதிரியாரு பாத்துட்டா?"

"பாக்க மாட்டாரு. கல்யாணப் பொண்ணு நிக்கறப்ப புடவை ஓரத்த யாரு பாக்கறா?"

சிரித்தீர்கள். புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டீர்கள். போகும்போது, "என் எழுத்த நீதான் படிச்சிக் காட்டறியாமே?" என்று கேட்டீர்கள். தலையை மட்டும் ஆட்டினேன். உங்களிடம் நான் பேசியது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் பயம் பிடித்தது. ஆரம்பித்து வைத்தவர் அப்பா. "எல்லாரையும் வெச்சி எழுதறவராச்சே. இவளை விடுவாரா?" அதைக் கேட்டதும் அம்மாவின் தைரியம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இதழோடு நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பாவிலிருந்து தலை தூக்காமல், "வந்திருக்குதா?" என்பாள். "படிக்காதவன்னு நாலு ஊரு சிரிக்கட்டும், போ." எனக்கு வேறு ஒரு கவலையும் இருந்தது. நீங்கள் அவளைக் கேலி செய்திருந்தால் அதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டியவள் நான். அதற்குப் பிறகு உங்களைப் படிக்க முடியுமா?

வந்தது. தெருமுனையில் நின்று முதலில் நான் மட்டும் படித்தேன். வீட்டுக்கு வந்து, தறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, உரக்கப் படித்தேன். அதில் முட்டாள் ஒரே ஒருவர்தான். நெற்றியில் இருந்த கண்ணாடியைப் பையில் தேடியவர். அம்மா பேசியதை அவள் பேசியபடியே போட்டிருந்தீர்கள். அச்சில் அது ஒரு ராணி பேசுவதுபோல் இருந்தது. கடைசியில் இப்படி எழுதியிருந்தீர்கள்: 'என் மகளுக்குத் தாய் இல்லை. அந்த வீட்டில் நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் தாய் செய்ய வேண்டியது அங்கே முன்னதாகவே நடந்துவிட்டிருந்தது. பாதிரியார் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியவர் கவனித்திருப்பார்.'

அம்மா அறுந்த இழை ஒன்றை எடுத்து முடிச்சுப் போட்டாள். பிறகு, "அந்தப் பொண்ணுக்கு அம்மா இல்லியா? தெரிஞ்சிருந்தா ரெண்டு இழை போட்டிருப்பேனே" என்றாள். அப்பா சிரித்த சிரிப்பில் அன்று மாலை வரை வேலை ஓடவில்லை.

உங்கள் பக்கங்களை இத்தனை முறை படித்தும் ஏன் அலுக்கவில்லை என்று யோசித்திருக்கிறேன். முதல் முறை படிக்கும்போது சிரிப்பில் ஒன்றும் தெரிவதில்லை. நிதானமாகப் படித்தால், சிரிப்புக்கு ஆளானவர் எப்போதும் நீங்கள்தான் என்பது தெரிகிறது. ஜெபத்தைப் பற்றி, சாவைப் பற்றி, நீங்கள் சொல்ல வந்தது பிறகு மெதுவாக வந்து சேர்கிறது. நான் உங்கள் கோயில் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனாலும் அது எனக்கும் சொன்னதுதான்.

நேற்று உங்கள் செய்தியைச் சொன்னபோது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாயங்காலம் பாவு சுற்றும் பெண்கள் வந்து, ஏதாவது படி என்றார்கள். இதழைத் திறந்து, கறுப்புக் கட்டத்தைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டேன். அப்போது அம்மா, "நான் சொல்றேன் கேளுங்க" என்று அந்த இழைக் கதையை எடுத்தாள். யார் சிரித்துவிடுவார்களோ என்று மாதக்கணக்கில் பயந்த அதே அம்மா. "ஒலகம் தெரியாதவ பாரு, வெள்ளையான்னு வாங்க வந்தவரு கூடவே சண்டைக்கு நின்னேன்" என்று தன்னையே இழுத்து வைத்துச் சொன்னாள். நீங்கள் எழுதியதைவிட அதிகம் முட்டாளாகத் தன்னை ஆக்கிக்கொண்டாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் கையில் இதழ் இல்லை, உங்கள் வரி இல்லை, ஒளிந்துகொள்ள ஒன்றும் இல்லை. காதெல்லாம் சுட்டது. ஆனாலும், "நான் ஒரு தபா இன்னா பண்ணேன் தெரியுமா" என்று ஆரம்பித்துவிட்டேன் ஐயா. அந்தக் கதையில் முட்டாள் நான்தான்.