மேல்வீட்டுப் படத்துக்கு மாலை

14.3.2010, ஞாயிறு

மூத்த பேரன் ஆரா நகரில் டாக்டர். இரண்டாமவன் எஞ்சினியர். கடைக்குட்டிப் பேத்தி நிலா நொஷாட்டல் நகரில் சங்கீதம் படித்து முதற்பரிசும் எடுத்துவிட்டாள்.

அவள் ஊதும் கிளாரினெட் மேல்வீட்டுக் கிழவர் தந்தது. யூதர் என்று நாஜிகள் முகாமில் அடைத்தபோது, காவலர்களுக்கு ஜாஸ் வாசித்து உயிர் தப்பியவர். பிறகு இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ மேடை ஏறினார். முகாமில் கூட வாசித்த நாலு பேரும் அங்கேயே செத்துப்போனார்கள்.

இன்று கிழவர் வீட்டுச் சுவரில் இருக்கிற அவர்களின் படத்துக்குக் கோயில் மாலையைப் போட்டேன். போட்ட பிறகுதான் தெரிந்தது, நடுவில் நிற்கிற இளந்தாரி கிழவர்தானாம்!

"ஆச்சி, எனக்குமோ?" நிலா பழக்கிய தமிழில் கேட்டுச் சிரித்தார். பதறிப்போய்க் கழற்றப் போனேன்.

"விடுங்கோ. அவங்களுக்குக் கல்லறையும் இல்லை."

பிறகு, "நிலா எப்ப வருவா?" என்றார். எனக்கும் அதே ஏக்கந்தான்.

அந்தச் சுவரில் உயிரோடு இருக்கிறவர்கள் படம் வேறொன்றும் இல்லை. பிள்ளை நிலா, வர முடியாவிட்டால் கிளாரினெட்டோடு ஒரு புதுப்படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. இரண்டாய் அனுப்பு, எனக்கும் ஒன்று.